பிடி அரிசி கேட்ட குரல்

காந்திமதி எந்த வீட்டு வாசலிலும் நின்று "குடுங்க" என்று வாய் திறந்து கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு அவளுக்கு நடந்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது யாருக்கும் உறைக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பீர்க்கன்கரணை ஏரிக்கரையிலிருந்து அவளுடைய பழைய மொபெட் கிளம்பும். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரைக்கும் அந்த வண்டிச் சத்தம் தெரியாத தெரு கிடையாது. கால் வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைச் சாக்கு இருக்கும். கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, "அக்கா, நான் காந்தி வந்திருக்கேன்" என்பாள். அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா ஒரு டப்பாவைக் கொண்டுவந்து சாக்கில் கவிழ்ப்பாள். தினமும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து அந்த டப்பாவில் ஒதுக்கிவைப்பது அந்த வீடுகளின் வழக்கம். ஒரு மாதத்துப் பிடியெல்லாம் சேர்ந்து காந்திமதியின் சாக்குக்கு வரும். அதற்குப் பிறகு பத்து நிமிஷம் பேச்சு. மருமகளுக்கு இது எத்தனையாவது மாசம், மாமியார் கண் ஆபரேஷன் என்ன ஆயிற்று, மெட்ரோ வாட்டர் லாரி வந்ததா என்று வாசலிலேயே ஊர்க்கதை முழுக்க முடிந்துவிடும். அரிசிக்காக வந்தாளா பேச்சுக்காக வந்தாளா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். அவளுக்கே தெரியாது.

அரிசி போய்ச் சேரும் இடத்தின் பெயர் தோள்துணை. ஏரிக்குப் பின்னாலுள்ள சந்தில், கழுத்து நிற்காத, நடக்க முடியாத, பேச்சு வராத பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மையம். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற லாசரஸ், சொந்த வீட்டின் பின்கட்டில் ஆரம்பித்தது. பிடி அரிசி அவருடைய சபையில் பெண்கள் செய்துவந்த காரியம். அதை அவர் சபைக்கு வெளியே, எல்லாச் சாமி கும்பிடுகிறவர்கள் வீட்டுக்கும் கொண்டுபோனார். இருநூறு வீட்டு அரிசி ஒரே பானையில் விழுந்தால் என்ன ஆகும்? பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, பச்சரிசி எல்லாம் கலந்து கிடக்கும். ஒன்று குழைந்தால் ஒன்று விறைத்து நிற்கும். சமையல் செய்யும் மாரி தினமும் திட்டிக்கொண்டே அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கடைவாள். பிள்ளைகளுக்கு மெல்ல வராது, அதனால் கஞ்சிதான் தோது.

காந்திமதி அங்கே வேலைக்கு வந்தவள் அல்ல. பிள்ளையோடு வந்தவள். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். பிறக்கும்போதே மூளைக்கு மூச்சுப் போதாமல் போன மகள் ஜீவிதாவைக் காலையில் தோள்துணையில் விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடுவாள். புருஷன் ஓசூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனான், போனவன் போனவன்தான். ஆட்டோவிலிருந்து ஜீவிதாவைத் தூக்கிப் பாயில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கிறவன் லாசரஸின் மகன் பென்னி. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். "மேடம் இன்னிக்கு லேட்டு" என்று அவளைக் கிண்டல் செய்துகொண்டே தூக்குவான். அந்தப் பிள்ளை அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு விடாது. காந்திமதிக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை. அந்த இடத்தில் அவனை வைத்துவிட்டாள், கேள்வியே இல்லை.

பதினோரு வயதில் நிமோனியா வந்து ஜீவிதா போய்விட்டாள். புதைக்கும் இடம்வரை அவளைக் கையில் ஏந்திப் போனவனும் பென்னிதான். நாலாம் நாள், எங்கேயோ உள்ள ஓர் ஆசிரமத்து ஆள் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றான். "பாப்பா பேர்ல அன்னதானம் போடலாமாம்மா?" என்றான். காந்திமதி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை அவனை விரட்டினாள். அந்தக் கோபம்தான் பிறகு அவளுடைய சட்டமாயிற்று. கம்பெனி வேலையை விட்டுவிட்டு லாசரஸிடம் போய், "அரிசி நான் வாங்கியாறேன் சார், ஆனா சாவு வூட்டாண்ட சாக்கு எடுத்துகினு போ மாட்டேன்" என்றாள். சொன்ன மாதிரியே நடந்தாள். சாவு விழுந்த வீட்டுக்குப் போகும்போது மொபெட்டையும் சாக்கையும் தெருமுனையில் நிறுத்திவிட்டு வெறுங்கையோடு நடந்துபோவாள். ஒரு வருஷம் அந்த வீட்டு அரிசியைத் தொடமாட்டாள். போவாள், உட்காருவாள், காபி கொடுத்தால் குடிப்பாள், வருவாள்.

இனி பணத்தின் கதைக்கு வரலாம். அது இல்லாமல் இது புரியாது. அரிசியால் கஞ்சி காய்ச்சலாம், சம்பளம் போட முடியுமா? ஜெர்மனியில் ஒரு சபை ரொம்ப வருஷம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது. சட்டம் இறுகியது, வெளிநாட்டுப் பணம் வாங்கும் அனுமதி புதுப்பிக்கப்படாமல் நின்றது, ஜெர்மனிக்காரர்களும் கும்பிடு போட்டு ஒதுங்கினார்கள். அந்தக் கவலையிலேயே லாசரஸ் கண்ணை மூடினார். பென்னி சிறுசேரியில் கை நிறையச் சம்பளம் வாங்கிய சாப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். தெருவே அவனைக் கொண்டாடியது. காந்திமதி அன்று கேசரி கிண்டி எல்லோருக்கும் கொடுத்தாள்.

பென்னி ஒரு பெரிய கம்பெனியைப் பிடித்துவந்தான். லாபத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்பது கம்பெனிகளுக்குச் சட்டமாம். ஒரே நிற பனியன் போட்ட பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கிச் சுவரில் பட்டாம்பூச்சி வரைந்தார்கள். அடுத்த வருஷம் வேறு பனியன்கள் வந்து அதே சுவரில் அதே பட்டாம்பூச்சி மேல் சூரியகாந்தி வரைந்தார்கள். சுவர் மட்டும் ஜம்மென்று இருந்தது. கூடவே ஒரு டேப்லெட்டும் கொடுத்தார்கள். சாப்பிடுகிற ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் அதில் காட்டினால் தானாகவே கணக்கு ஏறுமாம். முகத்தை ஆடாமல் வைக்கச் சொல்லும். ஆடாமல் முகம் வைக்கத் தெரிந்தால் அந்தப் பிள்ளை ஏன் தோள்துணைக்கு வருகிறது? மாரி ஒவ்வொரு பிள்ளையின் தாடையையும் பிடித்துக்கொண்டு நின்றாள், கஞ்சி ஆறிப்போனது. பாதிப் பிள்ளைகள் கணக்கில் ஏறவேயில்லை. "இத்தனை பேருக்குத்தானா செலவு?" என்று கம்பெனி கேட்டது. அடுத்த வருஷம் அவர்களுக்கு ஏரி பிடித்துப்போயிற்று. பணம் முழுக்க ஏரியைத் தூர்வாரப் போய்விட்டது.

பிசியோதெரபி செய்ய வந்துகொண்டிருந்த பெண் சம்பளம் வராமல் நின்றுவிட்டாள். நீவி விடாத கால்கள் மறுபடி மடங்கி இறுக ஆரம்பித்தன. பென்னி தாடி வளர்த்துக்கொண்டு லேப்டாப்பே கதி என்று கிடந்தான். அப்போது வந்து சேர்ந்தவன்தான் சம்பத். தர்ம ஸ்தாபனங்களுக்குப் பணம் திரட்டும் வழி சொல்லித்தருகிற ஆலோசகர். காதில் எப்போதும் வெள்ளைக் கொட்டை மாதிரி ஒரு இயர்போன். பேச்சில் வழவழவென்று எண்ணெய்.

ஒரு மத்தியானம் பென்னி காந்திமதியைக் கூப்பிட்டான். "அக்கா, நம்ம சென்டருக்கு சில்வர் ஜூபிலி வருது. இந்தக் கதையை உங்களை விட்டா யாரு சொல்ல முடியும்? சும்மா பேசுங்க, ரெக்கார்ட் பண்ணிக்கிறோம்."

"நானா? எனக்கு இன்னா பேசத் தெரியும் பென்னி?"

"நீங்க பேசாத பேச்சா? வாங்கக்கா."

மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, கறுப்புப் பஞ்சு வைத்த மைக்குக்கு முன்னால் அவளை உட்காரவைத்தார்கள். வியர்வையில் நனைந்துகொண்டு இரண்டு மத்தியானம் பேசினாள். வீடு வீடாகச் சொல்லச் சொன்னான் சம்பத். சொன்னாள். எந்த வீட்டு அண்ணனுக்குக் கால் வலி, எந்த வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை தங்கவில்லை, யார் மகன் துபாயில் இருக்கிறான் என்று எல்லாம் சொன்னாள். சம்பத் லேப்டாப்பில் டொக்கு டொக்கு என்று தட்டிக்கொண்டே இருந்தான். நடுநடுவே, "அக்கா சாப்டீங்களா, அண்ணன் நல்லா இருக்காரா, இதையெல்லாம் நீங்க வாசல்ல கேக்குற மாதிரியே சொல்லுங்க" என்றான். ஜூபிலிக்கு இது எதற்கு என்று நெருடத்தான் செய்தது. பென்னி சிரித்துத் தலையாட்டினான். நெருடல் போய்விட்டது.

"நீங்களும் பிடி அரிசி எடுத்து வைக்கிறீங்கல்ல? உங்க வீட்டையும் போட்டுக்கறேன். வீட்ல யார் யாரு?" என்றான் சம்பத்.

"நானும் எம் பொண்ணு ஜீவிதாவும்" என்றாள் காந்திமதி. யார் கேட்டாலும் அவள் வாயில் அப்படித்தான் வரும். ஒண்டிக்கட்டை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை. பிறகுதான் ஜீவிதாவின் கதைக்கு வந்தாள். யாரிடமும் சொல்லாத ஒன்றை அந்தப் புழுக்க அறையில் சொன்னாள். கடைசிக் காலையில் கஞ்சி வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்ட பிள்ளை, அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது, பிடித்தபடியே போய்விட்டது. பென்னி எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தான். அவன் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. அது நடிப்பா என்று கேட்டால், இல்லை. அதுதான் கொடுமை.

சில மாதம் கழிந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் முனிரத்தினம் காலமானார். அந்த ஊர்ப் பழைய குடும்பம். வயல்கள் வீட்டுமனையானபின் கடைகளும் வாடகையுமாக வசதியாக வாழ்கிறவர்கள். அவர் மனைவி தாயாரம்மாள் பிடியளவு பார்க்காமல் படியளவு அள்ளிவைக்கிற மனுஷி. சாவன்று காந்திமதி விடிகாலையிலேயே போய், பிணம் எடுக்கிறவரைக்கும் தாயாரம்மாளின் பக்கத்தை விட்டு நகரவில்லை. காரியம் முடியுமுன் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். மொபெட்டைத் தெருமுனையில் விட்டாள். வெறுங்கையோடு நடந்தாள். கேட்டில் மகன் சிவகுமார் மறித்தான்.

"எங்க வர்றீங்க?"

"அம்மாவப் பாக்கத்தான் சிவா."

"பாத்துட்டு? மிச்சத்தையும் கேக்கவா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாப்பா சொல்ற?"

"எங்கப்பா செத்து பத்து நாள் ஆவல. நேத்து போன் பண்ணி அவரு கால் வலி தேவலையான்னு எங்கம்மாவக் கேக்குறீங்க. பொணத்தாண்ட உக்காந்துகினு இருந்தது நீங்கதான? மனுசியா நீங்க?"

"நான் போனே பண்ணலப்பா!"

சிவகுமார் தன் அம்மாவின் போனை எடுத்து வந்தான். அதில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். ஓடவிட்டான்.

"தாயாரம்மா அக்கா, நான் காந்தி பேசுறேன். சாப்டீங்களா?"

அவளுடைய குரல். வார்த்தைக்கு முன்னால் லேசாகத் தொண்டையைச் செருமுவாளே, அதுகூட இருந்தது.

தாயாரம்மாளின் குரல் கேட்டது. "எங்கடி சாப்பாடு எறங்குது, காந்தி..."

"முனிரத்தினம் அண்ணன் நல்லா இருக்காரா? கால் வலி தேவலையா?"

தாயாரம்மாள், "இன்னாடி கேக்குற? அவருதான் பூட்டாரே! எம் பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தியே காந்தி, நீதான என் வாயில தண்ணி ஊத்தன" என்று உடைந்து அழுதாள்.

அழுகை ஓயும்வரை அந்தக் குரல் காத்திருந்தது. பிறகு, "ரொம்ப சந்தோஷம் அக்கா" என்றது.

அதோடும் நிற்கவில்லை. அரிசியை மட்டும் வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியவில்லையாம். மாதாமாதம் கணக்கிலிருந்து ஒரு தொகை தானாகவே வரும்படி செய்ய வேண்டுமாம். போனுக்கு வரும் செய்தியை அமுக்கினால் போதுமாம். "எங்க ஜீவிதா சாகுறப்ப என் கட்டைவிரலைப் பிடிச்சுகினே போனா அக்கா. அந்த மாதிரி பிள்ளைங்க இங்க நிறைய பேரு இருக்காங்க" என்று தழுதழுத்தது. தழுதழுப்பும் அவளுடையதுதான்.

"இது நான் இல்ல" என்றாள் காந்திமதி. அதைச் சொன்ன குரலும் போனில் கேட்ட குரலும் ஒன்றாகவே இருந்தது. அவளுக்கே அது பொய் போலக் காதில் விழுந்தது.

"உங்க கொரல் இல்லன்னு சொல்லுங்க பாப்போம்!" என்றான் சிவகுமார்.

உள்ளேயிருந்து தாயாரம்மாள், "வுடு சிவா, உள்ள வரட்டும்" என்றாள். காந்திமதி ஓடிப்போய் அவள் காலடியில் உட்கார்ந்தாள். "அக்கா, எம் பொண்ணு மேல ஆணையா நான் பேசல அக்கா. யாரோ என் கொரல எடுத்து..."

"சரிடி. நம்புறேன்" என்றாள் தாயாரம்மாள். அவள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. "ஆனா நீ பேசாத காந்தி. நீ வாயத் தொறந்தா எனக்கு அந்தப் போனுதான் ஞாபகம் வருது. சும்மா உக்காந்துட்டுப் போ."

வாயால் வாழ்ந்தவள் காந்திமதி. அன்று சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூட வராமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

மையத்து வாசலில் மாரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வா காந்தி! முந்தா நாளு எனக்கே போன் போட்டு என்னாண்டயே காசு கேக்குறியே, இது நல்லாவா கீது? அதுவும் மாரி அக்காங்கற! என்னிக்கு நீ என்ன அக்கான்னு கூப்ட்ட, எருமைன்னுதான கூப்டுவ? அப்பவே நெனச்சேன், இன்னாமோ கோளாறுன்னு." சிரித்தவள் காந்திமதியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

பென்னி லேப்டாப்புக்கு முன்னால் இருந்தான். அவளைக் கண்டதும் மூடினான். "உக்காருங்கக்கா."

அவள் உட்காரவில்லை. "என் வாய எடுத்து எங்க வெச்ச பென்னி?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. மழுப்பவில்லை. "ஏ.ஐ. அக்கா. நீங்க பேசினதைக் கேட்டுக் கத்துக்கும். அப்புறம் நீங்க பேசாததையும் உங்கள மாதிரியே பேசும். இப்ப எல்லா டிரஸ்ட்டும் இந்த ரூட்லதான் போறாங்க. பெரிய டோனர்ஸை நம்ப முடியாது, சின்னச் சின்ன ஆளுங்கதான் நிலைப்பாங்கன்னு சம்பத் சொன்னார்."

"வேற கொரலு கெடைக்கலியா உனக்கு?"

"முதல்ல வேற குரல்லதான் போட்டோம். ஹலோன்னதும் கட் பண்ணிட்டாங்க. உங்க குரல்னா கடைசிவரைக்கும் கேக்குறாங்கக்கா. பிசியோ பொண்ணு நாளைலேருந்து திரும்பி வர்றா. ஆறு மாசத்துக்குக் கவலை இல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டா வேணாம்னிருப்பீங்க."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லிருப்பேன்!" என்று கத்தினாள். அடுத்த அறையில் ஒரு பிள்ளை பயந்து அழ ஆரம்பித்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "செத்தவரு நல்லா இருக்காரான்னு என் வாயால கேட்டிருக்க. அந்தம்மா அழுவுது, சந்தோஷம்னு சொல்லிருக்க."

"அது... அது கேட்டுப் பேசுறது இல்லக்கா. கேள்வி கேட்டுட்டு கேப் விடும், அவங்க நிறுத்தினதும் அடுத்தத பேசும். முனிரத்தினம் அங்கிள் தவறினத அதுல மாத்தாம விட்டுட்டோம். தப்புதான்."

"ஜீவிதாவ எதுக்குடா இழுத்த? கட்டைவெரலு வரைக்கும்?"

இதற்குத்தான் அவனால் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியவில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னான். "அந்த இடம் வர்றப்பதான் நிறைய பேர் ஓகே குடுக்குறாங்கன்னு தெரிஞ்சுது. அதனால எடுக்க வேணாம்னு சம்பத்..."

"நீ தூக்கின பிள்ளடா அது" என்றாள் காந்திமதி. திருடன் எடுத்துக்கொண்டு போயிருந்தால் ஊரைக் கூட்டிக் கத்தலாம். தம்பி என்று நடுவீட்டில் வைத்தவனே எடுத்துக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

பென்னி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தான். "நிறுத்திடறேன்க்கா. இன்னிக்கே. அப்பா மேல சத்தியம்."

நம்பினாள். இத்தனைக்குப் பிறகும் நம்பினாள். பைத்தியக்காரி என்று சொல்லத் தோன்றும். லாசரஸின் பெயரைச் சொன்னபின் நம்பாமலிருக்க அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறுகளில் வீடு வீடாகப் போய்த் தன் வாயால் சொன்னாள். அது நான் இல்லை, மெஷின் என்றாள். ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள். கேட்கும்போதே அவள் உதட்டை ஒரு மாதிரி பார்த்தார்கள். "நெஜமாவே நீதானா இப்பப் பேசறது?" என்று ஒருத்தி சிரித்தாள். விளையாட்டாகத்தான் கேட்டாள், அது காந்திமதிக்குச் சுருக்கென்று தைத்தது. "நாங்கதான் மாசாமாசம் போன்லயே கட்டறோமே, இனிமே அரிசி எதுக்குக்கா, நீங்க அலையாதீங்க" என்று பாசமாகச் சொல்லிக் கதவைச் சாத்திய வீடுகளும் உண்டு. அந்த வீடுகளில் டப்பாவைக் கழுவி வேறு எதற்கோ வைத்துக்கொண்டார்கள். "எங்க வூட்டு விஷயமெல்லாம் அந்த போனுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று குழந்தை தங்காத பெண் மட்டும் நேராகக் கேட்டாள். சொன்னது காந்திமதிதானே. வாசலில் வைத்து அவளிடம் சொன்ன துக்கத்தையெல்லாம் பென்னியை நம்பிக் கொட்டினாள், அவன் அதை மெஷினில் கொட்டினான்.

சாக்கு பாதிகூட நிறையவில்லை. திரும்பி வந்தால் பிசியோதெரபி பெண் பாயில் உட்கார்ந்து ஒரு பையனின் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பாள். வலித்தாலும் அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குச் சம்பளம் கொடுத்தது தன் குரல்தான் என்று காந்திமதிக்குத் தெரியும். அதைப் பார்த்தால் யாரைத் திட்டுவது என்றே விளங்காது. இருந்தும் ஒரு ஆறுதல் இருந்தது. நின்றுவிட்டது அல்லவா, சத்தியம் பண்ணினான் அல்லவா. வீடுகள் மெதுவாகத் திரும்பி வரும், தாயாரம்மாவும் ஒரு நாள் பேசச் சொல்வாள் என்று காத்திருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. காந்திமதி அடுப்பில் உலை வைத்திருந்தாள். தண்ணீர் தளதளவென்று வந்தது. முறத்திலிருந்து வழக்கம்போல முதலில் ஒரு பிடி அரிசியை அள்ளினாள். அலமாரியில் ஜீவிதாவின் போட்டோவுக்குக் கீழே பிடி அரிசி டப்பா இருக்கிறது. அதன் பக்கம் திரும்பும்போது போன் அடித்தது. தெரியாத எண். இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல் வந்தது. "காந்திமதி அக்கா, நான் காந்தி பேசுறேன். சாப்டீங்களா?"

குரல் பதிலுக்காகச் சற்றுப் பொறுத்தது. பிறகு அன்பாகக் கேட்டது.

"பொண்ணு ஜீவிதா நல்லா இருக்காளா?"

வெளியே மழைச் சத்தம். உலை கொதித்து மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. எத்தனையோ வருஷமாக அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அவள் குரலிலேயே வந்து கேட்டது. காந்திமதி போட்டோவைப் பார்த்தாள். கையில் பிடித்த அரிசி விரலிடுக்கில் வியர்வையோடு ஒட்டியது.

"நீதானடி சொன்ன" என்றாள் மெதுவாக. "கட்டைவெரல புடிச்சிகினே பூட்டான்னு நீதான எல்லாருக்கும் சொன்ன."

அவள் முடிக்கும்வரை குரல் காத்திருந்தது.

"ரொம்ப சந்தோஷம் அக்கா" என்றது.

காந்திமதி போனை அணைத்தாள். டப்பாவின் பக்கம் போகவில்லை. அடுப்பண்டை திரும்பி, மூடியை எடுத்து, கையில் இருந்த அந்தப் பிடியை உலையிலேயே போட்டாள். பிறகு முறத்திலிருந்த அரிசியையும் அதன்மேல் கொட்டி மூடினாள்.